மூன்றாவது எடிட்டர்

ஆதிலட்சுமிக்குக் கண் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள், அதோடு நிறுத்தியும் கொள்வார்கள். எனக்கு அதில் எப்போதும் எரிச்சல். அவளுக்கு வாய் உண்டு, அந்த வாய்க்கு எங்கள் பக்கத்தில் ஈடு கிடையாது. பி.ஏ. தமிழ் உண்டு. ஒரு போன் போட்டு நாலு தெருச் சேதியை வாங்கிவிடுகிற சாமர்த்தியம் உண்டு. இதையெல்லாம் சொன்ன பிறகுதான் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன். அவள் விஷயத்தில் நான் செய்த தப்புகளில் இது சின்னது.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் செல்லிப்பட்டில் பிறந்தவள். ஒன்பதாவது படிக்கும்போது சாயங்காலத்தில் வாசற்படி தெரியாமல் தடுக்கி விழ ஆரம்பித்தாள். கல்லூரி முடிக்கும்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் போனது. அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டியவர்கள், அதனால் பரம்பரையாக வருவது, மருந்து கிடையாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லை. அம்மா கனகாம்பாள் அரைக் காணி நிலத்தில் நெல் வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் அடுத்தவர் கரும்பில் காய்ந்த சோகை உரிக்கப் போவார். போகும்போது மகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவாராம். நெருப்பு, பாம்பு என்று பயம். "நானே ஒரு சாமான் மாதிரி வூட்டுக்குள்ள இருந்தேன்டி, பீரோ மட்டும் என்ன வுட பெரிசு" என்று ஆதி சிரித்துக்கொண்டே சொல்வாள்.

புதுச்சேரியில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போனாள். திரையில் இருப்பதை எல்லாம் வாசித்துக் காட்டுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. எந்தப் பட்டனில் நிற்கிறோம், என்ன எழுத்து தட்டினோம், எல்லாம் சொல்லும். மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி ஒரு தமிழ். அதை அவள் எவ்வளவு வேகத்தில் ஓடவிடுவாள் என்றால், பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அதற்கு "மிஷின்" என்று பெயர் வைத்திருந்தாள்.

அந்த மிஷினோடு அவள் வந்து சேர்ந்த இடம், வில்லியனூரில் ஒரு பேன்சி ஸ்டோருக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ஆபீஸ். முதலாளி சிங்காரவேலு அண்ணன் முன்பு பிளக்ஸ் பேனர் அடித்தவர். பிறகு 'கொம்யூன் தகவல்' என்று ஒரு இணையதளம் தொடங்கினார். புதுச்சேரிப் பக்கத்தில் பஞ்சாயத்துக்குக் கொம்யூன் என்றுதான் பெயர். வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, எல்லா கொம்யூனிலும் யார் வீட்டில் சாவு, எங்கே காதுகுத்து, எந்தக் கோயிலில் செடல் திருவிழா, என்றைக்குக் கரண்ட் கிடையாது என்பதெல்லாம் அதில் வரும். சேதிகளைச் சரிபார்த்து ஏற்றுகிற டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டவள் நான், செல்வகுமாரி. டெஸ்க் என்றால் மொத்தம் இரண்டு நாற்காலி.

வேலை கேட்டு வந்த அன்று அண்ணன் தயங்கினார். "நீங்க சும்மா பேசுங்கண்ணே" என்றாள் ஆதி. அவர் பத்து நிமிஷம் தன் பெருமையைப் பேசினார். அவள் பேசப் பேசத் தட்டி, நடுவில் இருந்த வெட்டி வார்த்தைகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஒன்பது வரியில் கொடுத்தாள். அண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "நான் பேசறதுல இவ்ளோதான் விஷயமா?" என்றார். அடுத்த நாளே நாற்காலி போட்டாகிவிட்டது.

எனக்கு ஊர் சுத்துக்கேணி. காலையில் ஸ்கூட்டியை செல்லிப்பட்டுக்கு விட்டு அவளை ஏற்றிக்கொண்டு, பத்துக்கண்ணு வழியாக வில்லியனூர் வருவேன். நாலு வருஷம் அப்படி வந்தோம். எனக்குக் கோபம் மூக்குமேல் வரும். எதிரில் வருகிற லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே ஓட்டுவேன். அவள் பின்னால் உட்கார்ந்து, "இப்ப சொன்னது போன வாரமே சொன்ன திட்டு, புதுசா ஒண்ணு சொல்லு" என்பாள்.

அந்த வேலை அவளுக்கு என்னவாக இருந்தது என்று நான் சொல்லித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. செல்லிப்பட்டில் அவர்கள் வீட்டுக்கு அதுவரை 'கண்ணு தெரியாதது இருக்கற வூடு' என்று பெயர். வேலைக்கு வந்த ஒரு வருஷத்தில் அது 'தகவல்காரப் பொண்ணு வூடு' ஆகிவிட்டது. சாவு விழுந்தால் மேளக்காரருக்கு அடுத்த போன் அவளுக்குத்தான் வரும். ஒவ்வொரு சேதிக்கும் கீழே 'ஆதிலட்சுமி' என்று பெயர் வரும். கனகாம்பாள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்து அந்தப் பெயரை மட்டும் காட்டச் சொல்லிப் பார்ப்பார். படிக்கத் தெரியாது, ஆனால் அந்த எழுத்தின் உருவம் அவருக்குத் தெரியும்.

படங்களையும் அவளே போட்டாள் என்றால் நம்ப மாட்டீர்கள். சாவு வீட்டுக்காரர்கள் வாட்ஸப்பில் படங்களை அனுப்புவார்கள். அவள் போன் போட்டு, "ஒவ்வொண்ணா அனுப்புங்க. ஒரு படம் அனுப்புங்க, அடுத்தாப்ல அது யாருன்னு வாயால சொல்லி அனுப்புங்க" என்பாள். வந்த வரிசையில் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துச் சேமிப்பாள். எங்கள் பழைய எடிட்டரில் பெயரைத் தட்டினால் படம் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு வருஷத்தில் ஒரு படம் மாறியதில்லை. கண் உள்ள நான் இரண்டு தடவை மாற்றிப் போட்டிருக்கிறேன். இரண்டையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

எடிட்டர் என்றால் வேறொன்றுமில்லை. தளத்தில் சேதி ஏற்றும் முன் நாங்கள் தட்டுகிற பெட்டி. எழுத்தைத் தடிமனாக்குவது, தலைப்பு வைப்பது, படம் சேர்ப்பது எல்லாம் அதற்குள்தான். எங்களுடைய பழைய பெட்டியை உருவாக்கியவர்கள் அதைக் கைவிட்டு நாலு வருஷம் ஆகிவிட்டதாம். இனி ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றான் புகழ்வேந்தன். அவன் நெட்டப்பாக்கத்துப் பையன், தளத்தின் கோடு, அதாவது புரோகிராம் வரிகள் எல்லாம் எழுதுகிறவன். உலகத்தில் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிற ஓப்பன் சோர்ஸ் எடிட்டர்கள் நூறு இருக்கின்றன. அதில் மூன்றைப் பொறுக்கி, சோதனைப் பக்கத்தில் போட்டுக் கொடுத்தான்.

முதலாவது வெறும் எழுத்து. தடிமன் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி வைக்க வேண்டும். அண்ணன் பார்த்த மாத்திரத்தில், "இது இன்னாடா, மளிக சீட்டு மாதிரி" என்று தள்ளிவிட்டார்.

இரண்டாவது, மேலே பட்டன் வரிசை உள்ள சாதாரண எடிட்டர். ஆதி அதில் உட்கார்ந்தாள். மிஷின் ஒவ்வொரு பட்டனையும் பெயர் சொல்லி அழைத்தது. மவுஸைத் தொடாமல் எல்லாமே விசைகளில் நடந்தது. படம் சேர்த்தால், 'படத்தில் இருப்பவர் யார்?' என்று கேட்டு ஒரு பெட்டி திறக்கும்படி புகழ் வைத்திருந்தான். அதை நிரப்பாமல் மேலே போகவே முடியாது. "இது போதும்டி எனக்கு, இது போதும்" என்று அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஒரே ஒரு சிக்கல் என்றான் புகழ். அதன் லைசென்ஸ்படி, நம்முடைய தளத்தை அப்படியே வேறு யாருக்காவது செய்து கொடுத்தால், நம் புரோகிராம் கோடையும் அவர்களுக்குத் திறந்து கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு வேறு ஊர்க்காரர்களுக்கும் இந்த மாதிரித் தளம் செய்து கொடுக்கிற ஆசை இருந்தது. அதனால் முகத்தைச் சுளித்தார்.

மூன்றாவது அழகு. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு அழகு. ஒவ்வொரு பத்தியும் ஒரு கட்டம். கட்டத்தை மவுஸால் பிடித்து இழுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். நடுவில் பெரிய படம், கீழே வரிசையாகச் சின்னத் தலைகள். எங்கள் ஊர் பிளக்ஸ் பேனரில் செத்தவர் நடுவிலும், 'கண்ணீருடன்' என்று உறவுக்காரர்களின் தலைகள் கைகூப்பிக் கீழேயும் இருக்குமே, அச்சு அசலாக அப்படியே வந்தது. அண்ணனுடைய பிளக்ஸ் மனசு குளிர்ந்துவிட்டது. லைசென்ஸ் தொல்லையும் இல்லை.

ஆதி அதில் உட்கார்ந்தபோது மிஷின், "காலி, காலி, காலி" என்றது. அவள் விசைகளை மாற்றி மாற்றி அழுத்தினாள். "காலி" என்றது. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

அண்ணன் மூன்று பேரையும் உட்கார வைத்துக் கேட்டார். "ஆதி, நீ சொல்லு."

"மூணாவதுல என் மிஷினுக்கு ஒண்ணுமே தெரியலண்ணே. என்னால ஒரு வரி தட்ட முடியாது. ரெண்டாவது நல்லா இருக்குது."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "செல்வி, டெஸ்க்கு நீதான் பாக்கற. நீ சொல்றதுதான்."

என் மனசில் அப்போது இருந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. இழுத்து வைத்தால் வேலை முடிந்தது. அண்ணனுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது, அவர் முகம் கோணாமல் பேச வேண்டும் என்றும் இருந்தது. இது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு திமிர் கிடந்தது. போன் வந்தால் எல்லோரும் ஆதியைத்தான் கேட்டார்கள். என்னை விட்டால் இவளுக்கு யார் என்று கொஞ்சம் தெரியட்டுமே என்று தோன்றியது. தோழிதான், உயிர்தான், ஆனாலும் தோன்றியது.

"மூணாவதே இருக்கட்டும்ணே. ஆதி நோட்பேட்ல தட்டிக் குடுக்கட்டும், நான் எடுத்து ஒட்டிக்கறேன். படத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஆதி மேசைமேல் இருந்த ஹெட்போன் வயரைச் சுருட்டினாள். பிறகு வழக்கம்போலச் சிரித்தாள். "செல்வி பாத்துக்குவாண்ணே. அவ கண்ணுதான் இனிமே எங்கண்ணு" என்றாள். அவளுடைய லாகினையும் பாஸ்வேர்டையும் என்னிடம் கொடுத்தாள். அவள் பெயர் கீழே வர வேண்டுமென்றால் அவள் லாகினில்தான் ஏற்ற வேண்டும். நாங்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை. வேலை ஓடினால் சரி என்று விட்டுவிட்டோம். சேதிகளில் அவள் பெயரே வருவதைப் பார்த்து, அவளே எப்படியோ படம்கூட ஏற்றப் பழகிக்கொண்டாள் என்று அண்ணனும் புகழும் நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் ஓடியது. அவள் தட்டுவாள், நான் ஒட்டுவேன். நான் ஒட்டிய பக்கத்தை அவளால் வாசித்துச் சரிபார்க்க முடியாது. "எல்லாம் வந்துச்சா? ஒரு பத்தி வுட்டுப் போவலியே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். முதலில் பதில் சொன்னேன். பிறகு, "வந்துச்சு, வந்துச்சு, எத்தினி வாட்டி கேப்ப" என்று எரிந்து விழ ஆரம்பித்தேன். அவள் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை குருவிநத்தத்தில் இருசப்பன் என்பவர் இறந்துபோனார். அவருடைய தங்கை மகன் வாட்ஸப்பில் ஒரே நேரத்தில் ஒன்பது படங்களை அனுப்பினான். பெயர் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணப் பத்திரிகையோ சாவு பேனரோ, எதுவானாலும் குடும்பத்துப் பெரியவருக்குத்தான் முதல் இடம். அந்தப் பையன் மரியாதை தெரிந்தவன். இறந்தவருடைய அண்ணன் தங்கவேலின் படத்தை முதலில் அனுப்பிவிட்டு, அடுத்ததாகத்தான் இறந்தவர் படத்தை அனுப்பினான். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே மீசை, ஒரே வழுக்கை.

"போன் பண்ணி யாரு யாருன்னு கேட்டியா?" என்றாள் ஆதி.

எனக்கு அன்றைக்கு ஏழு சேதி காத்துக்கொண்டிருந்தது. "கேட்டேன், கேட்டேன்" என்றேன்.

கேட்கவில்லை. முதல் படம்தானே செத்தவர் என்று இழுத்து நடுவில் வைத்தேன். தங்கவேலுக்கு மாலை போட்டு, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று வந்தது. இருசப்பன் கீழே தலைகளோடு தலையாகக் கைகூப்பிக்கொண்டிருந்தார். அழகாகத்தான் இருந்தது. ஆதியின் லாகினில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

தங்கவேலின் மனைவி கலியம்மாள் சாவு வீட்டுக்குச் சோறு வடித்துக் கொண்டுபோக வேண்டுமென்று சொந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் போனைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். தம்பி போன துக்கத்தில் அண்ணனும் போய்விட்டார் என்றுதான் அந்த அம்மாள் நினைத்தார். தெருவில் விழுந்து, எழுந்து, மார்பில் அடித்துக்கொண்டு, கொல்லை வழியாகச் சாவு வீட்டுக்கு ஓடினார். அங்கே தங்கவேல் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஒரு டாடா ஏஸ் நிறைய ஆட்கள் வந்து எங்கள் மாடிப்படியில் ஏறினார்கள். முன்னால் கலியம்மாள். பின்னால் தங்கவேல், தலையில் துண்டோடு, தன் சாவுக்கு நியாயம் கேட்க வந்த சங்கடத்தோடு நின்றார்.

"தாலிய கையில புடிச்சிக்கினே ஓடனேன். உசுரோட இருக்கற மனுசனுக்கு மாலைய போட்டீங்களே, யாரு போட்டது? அந்தக் கைய நான் பாக்கணும்" என்றார் கலியம்மாள். முழங்கை இரண்டும் சிராய்த்து ரத்தம் காய்ந்திருந்தது.

சிங்காரவேலு அண்ணன் எழுந்து நின்று, "புகழு, யாரு ஏத்துனதுன்னு பாரு" என்றார்.

புகழ்வேந்தன் பதிவைத் திறந்து படித்தான். "ஆதிலட்சுமி. காலை பத்து நாப்பத்திரண்டு."

அறையில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ஆதி என் பக்கம் திரும்பினாள். நான் எந்த நாற்காலியில் இருக்கிறேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரனில் தொடங்கி லைன்மேன் வரைக்கும் ஒருவரையும் விடாமல் திட்டுகிற வாய் எனக்கு. அன்றைக்கு அது திறக்கவில்லை. கலியம்மாளின் முழங்கை எனக்குத் தெரிந்தது. இந்தக் கூட்டம் என் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது. மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது.

"நாந்தான்மா போட்டேன். என் தப்புதான். மன்னிச்சிக்குங்க" என்றாள் ஆதி.

கலியம்மாள் அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். அடிக்க ஓங்கிய கை இறங்கிவிட்டது. ஆனால் படி இறங்கிப் போய், தெரு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி எங்கள் மாடியைப் பார்த்துத் தூற்றினார். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். ஆதிக்கு அது தெரியாது என்று நினைத்தேன். அவள், "மண்ண வாரி தூத்தறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அண்ணன் திட்டவில்லை. "உங்கிட்ட படத்த வுட்டது எந்தப்புமா" என்று மட்டும் சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டியில் திரும்பினோம். பத்துக்கண்ணு தாண்டியதும் பின்னாலிருந்து சொன்னாள். "பத்து வரைக்கும் எண்ணனேன்டி."

"இன்னா எண்ணன?"

"புகழு என் பேர படிச்சான் இல்ல, அப்ப. நீ வாயத் தொறப்பன்னு மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு எண்ணனேன். பத்து வந்துச்சு. அந்தம்மா அழுவுறது வேற கேக்க முடியல. யாராவது ஒருத்தர் நான்னு சொன்னாத்தான் அவங்க வூட்டுக்குப் போவாங்கன்னு தோணுச்சு. சொல்லிட்டேன்."

"நாளைக்கே அண்ணன்கிட்ட சொல்லிடறேன் ஆதி."

"சொல்லு" என்றாள்.

மறுநாள் சொல்லவில்லை. குருவிநத்தத்துக்காரர்கள் இன்னும் கோபமாக இருக்கிறார்கள், ஆறட்டும் என்று நினைத்தேன். பிறகு கருமாதி முடியட்டும் என்று நினைத்தேன். அதற்குள் வாட்ஸப் குரூப்புகளில் பரவிவிட்டது. 'கண்ணு தெரியாதவங்கள வேலைக்கு வெச்சா இப்படித்தான்' என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சேதிகளுக்குக் கீழே அவள் பெயர் வரவேண்டாம் என்று அண்ணன் எடுத்துவிட்டார். அவள் இரண்டு நாள் வந்தாள். வருகிற போன்களை மட்டும் எடுத்தாள். மூன்றாம் நாள் நான் செல்லிப்பட்டுக்குப் போய் ஹாரன் அடித்தபோது கனகாம்பாள்தான் வெளியில் வந்தார்.

"அது வரலியாம் கண்ணு. நீ போ" என்றார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியுமா என்பது அந்த முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. புதுச்சேரியில் வேறொரு இடத்தில் ஆதி வேலை கேட்டுப் பார்த்தாள் என்றும், இந்தச் சேதி அவளுக்கு முன்னால் அங்கே போய்விட்டது என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து பத்தொன்பதாம் நாள். மூன்றாவது எடிட்டரில் செய்த பக்கங்கள் பழைய போன்களில் திறக்கவில்லை, தலைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன என்று வாசகர்கள் சத்தம் போட்டார்கள். பேசாமல் இரண்டாவதுக்கே மாற்றிவிடலாம் என்றான் புகழ்.

"மாத்து" என்றார் அண்ணன், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

"லைசென்சு, கோடு தொறக்கணும்னு இருந்துச்சே" என்றேன்.

"அது இன்னா பெரிய விஷயம். நம்ம கோட எவன் வந்து தூக்கிக்கினு போவப் போறான்? அன்னிக்கே ரெண்டாவத போட்டிருப்பேன், அந்தப் பொண்ணு அதத்தான கேட்டுச்சு. நீதான் மூணாவதுன்ன. டெஸ்க்கு பாக்கறவ நீ, சரின்னு வுட்டேன்."

அவ்வளவுதான். எல்லாமே என்னுடைய ஒரு வார்த்தையில் இருந்திருக்கிறது. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். படத்தை மாற்றிப் போட்டது நான், லாகின்தான் அவளுடையது, போன் பண்ணிக் கேட்டதாகச் சொன்னதும் பொய், எல்லாம்.

புகழ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டான். அண்ணன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "அந்தப் பொண்ணு இங்க நின்னுக்கினு இருந்தப்ப சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்றார். பிறகு, "போயி கூட்டிக்கினு வா. அது நாற்காலி அப்டியே இருக்குதுன்னு சொல்லு" என்றார்.

அன்றே குருவிநத்தம் போய்க் கலியம்மாளிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் கண்களையே உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தளத்தில் என் பெயரைப் போட்டு, தவறு செய்தது நான் என்று எழுதி ஏற்றினேன். மறுநாள் காலை, இரண்டாவது எடிட்டரை ஏற்றிய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செல்லிப்பட்டுக்குப் போனேன்.

கனகாம்பாள் அடுப்படியில் இருந்தார். ஆதி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். நான் லேப்டாப்பை அவள் மடியில் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு விசைகளைத் தொட்டாள். மிஷின் பேச ஆரம்பித்தது. அவள் விரல்கள் ஓடின. தலைப்பு வைத்தாள், ஒரு பத்தி தட்டினாள், ஒரு படத்தைச் சேர்த்தாள். 'படத்தில் இருப்பவர் யார்?' என்று அது கேட்டது.

"யாருடி இது?"

"நம்ம புகழு. சோதனைக்குன்னு அவன் மூஞ்சியவே வெச்சிருக்கான்."

சிரித்துக்கொண்டே அவன் பெயரைத் தட்டினாள். ஏற்றி முடித்து, முழுப் பக்கத்தையும் மேலிருந்து கீழே ஒருமுறை வாசிக்கவிட்டுக் கேட்டாள். ஒரு காலத்தில் தினமும் நான் பார்த்த முகம் அப்போது திரும்பி வந்தது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"நல்லா இருக்குதுடி. அன்னிக்கு பாத்தத வுட நல்லா இருக்குது" என்றாள். பிறகு லேப்டாப்பை மூடி என் பக்கம் நீட்டினாள்.

"கெளம்பு ஆதி. அண்ணன் கூப்புட்டாரு. எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். தளத்துலயும் போட்டுட்டேன்."

"கேட்டேன். போன் படிச்சு காட்டுச்சு. நல்லாத்தான் எழுதி இருக்க, ரெண்டு எடத்துல இழுத்துட்ட." கீரைக் காம்பை மறுபடி கையில் எடுத்தாள். "கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க. எனக்குன்னே சொல்லி வெச்சிருக்காங்க பாரு."

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. "என் மேல கோவமா?" என்றேன்.

"கோவம்லாம் போயிடுச்சு. நீ பயந்துட்ட, அவ்ளோதான. யாருக்குத்தான் பயம் இல்ல." கீரையை உருவுவதை நிறுத்தினாள். "ஆனா ஒண்ணு செல்வி. எனக்கு ஆளுன்னா கொரலுதான். நீ பேசனா நீ இருக்கற. அன்னிக்கு அந்த ரூம்புல அந்தம்மா இருந்தாங்க, அண்ணன் இருந்தாரு, புகழு இருந்தான். எனக்கு நல்லா தெரிஞ்சிது. நீ மட்டும் இல்ல. நாலு வருசம் பக்கத்துல குந்திக்கினு இருந்தவ, திடீர்னு அந்த எடத்துல ஆளே இல்ல. அந்த நாற்காலி பக்கத்துல மறுபடி எப்டிடி வந்து குந்துவேன்?"

சொல்லிவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வா என்றாவது, போடி என்றாவது சொல்லியிருக்கலாம். அழுகைச் சத்தம் வெளியில் வந்துவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அவளுக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

என் பக்கமிருந்து ஒரு சத்தமாவது வருமா என்று அவள் காது கொடுத்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "யம்மா, செல்வி போயிட்டாளா?" என்று கேட்டாள்.